ஒப்பீட்டுப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம்: பணத்துக்கு வழி என்ன? வடசென்னை மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்திலிருந்து எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு ஆய்வுக்கு வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தொகைகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை முழுவதும் படித்துவிட்டே படிவத்தில் கை வையுங்கள்.

ஒப்பீட்டுப் பொருளாதாரம் என்று எதைச் சொல்கிறார்கள்? அது பழைய சோவியத் காலத்துப் பாடம்தானே?

தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. சந்தையை நம்பும் நாடுகளையும் அரசு திட்டமிடும் நாடுகளையும் அருகருகே வைத்து, எது எப்படி இயங்குகிறது என்று பார்த்தார்கள். ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய், நட்டமடையும் அரசு நிறுவனத்தை எப்படியும் அரசு தூக்கிவிடும் என்ற நம்பிக்கை அந்த நிறுவனத்தின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்று எழுதியது அந்தக் காலத்தின் கொடை. நம் மின்வாரியக் கடனைப் படிப்பவர்கள்கூட அவரைத் தொடாமல் போக முடியாது.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபோது பாடமும் கலைந்துவிடும் என்றுதான் பலர் எண்ணினார்கள். கலையவில்லை. கேள்வி மட்டும் இடம் மாறியது. சொத்துரிமை, சட்டம், கடன், ஏலம், சங்கம் போன்ற ஏற்பாடுகள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் பொருளாதார விளைவு எப்படி வேறுபடுகிறது என்பதே இப்போதைய கேள்வி. 2024இல் டாரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் மூவரும் நோபல் பரிசு பெற்றது ஏறத்தாழ இந்தக் கேள்விக்காகத்தான்.

வடசென்னைக்காரருக்கு இதை விளக்க உலக வரைபடம் தேவையில்லை. கடற்கரையோரமாக வடக்கே போனால் மூன்று துறைமுகங்கள் வரிசையாக வரும். 1881இல் செயல்படத் தொடங்கிய சென்னைத் துறைமுகம் நெடுங்காலம் பொறுப்புக் கழகமாக (போர்ட் டிரஸ்ட்) இருந்து, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆணையமாக மாறியது. எண்ணூரில் இருக்கும் காமராஜர் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. இந்தியாவின் பெருந்துறைமுகங்களில் முதன்முதலாக நிறுவனச் சட்டத்தின் கீழ் கம்பெனியாக அமைந்தது அதுதான். 2020இல் மத்திய அரசு தன் பங்குகளைச் சென்னைத் துறைமுகத்துக்கே விற்றுவிட்டது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி முழுக்கத் தனியார் கையில், 2018 முதல் அதானி குழுமத்திடம் இருக்கிறது. கடல் ஒன்று, பின்னால் இருக்கும் தொழிற்சாலைகளும் பெரும்பாலும் அவையே, உரிமை வடிவம் மட்டும் மூன்று. இப்படி ஓர் ஆய்வுக்களம் வீட்டு வாசலில் கிடைக்க வெளியூர் ஆய்வாளர்கள் தவம் கிடப்பார்கள்.

ஒப்பிட வேண்டுமென்றால் வெளிநாடு போயே ஆக வேண்டுமா? அந்தச் செலவை யார் தருவார்கள்?

இந்த ஒரு பயத்தால் எத்தனையோ பேர் இந்தத் துறையைக் கைவிட்டு, வழக்கமான ‘மாவட்டத்தில் சுயஉதவிக் குழுக்கள் – ஓர் ஆய்வு’ பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். தேவையில்லாத பயம்.

காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே விசைப்படகுகள் கரை சேர, கூடை கூடையாக மீன் இறங்க, ஏலம் விடுபவர் குரலெடுக்கிறார். விலை கூறிக் கூறி ஏறுகிறது. பார்ப்பவருக்கு இது அப்பட்டமான சுதந்திரச் சந்தை. ஆனால் பல இடங்களில் ஏலம் விடுபவரிடமே படகுக்காரர் முன்பணம் வாங்கியிருப்பார். டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் குடும்பச் செலவுக்கும் வாங்கிய பணம் அது. கடன் நிலுவையில் இருக்கும்வரை மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும், கமிஷனும் அவருக்குத்தான். நார்வேயில் 1938ஆம் ஆண்டுச் சட்டமே முதல் விற்பனை உரிமையை மீனவர்களின் விற்பனைச் சங்கங்களிடம் கொடுத்தது. குறைந்தபட்ச விலையைச் சங்கம் நிர்ணயிக்கிறது. கேரளம் 2021இல் மீன் ஏலத்தை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

நார்வேயின் சட்டமும் புள்ளிவிவரமும் இணையத்தில் கிடைக்கின்றன. கேரளத்தின் மீன்பிடித் துறைமுகமான நீண்டகரைக்கு ரயில் டிக்கெட் போதும். காசிமேட்டுக்கு அதுவும் வேண்டாம். மூன்று ஏற்பாடுகளை ஒப்பிட்டுவிடலாம், பாஸ்போர்ட் எடுக்காமலேயே. கடைசி ஆண்டில் ஆறு மாதம் வெளிநாடு போக வாய்ப்பு வந்தால் நல்லது. அதற்குத் தனியாகப் பணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் எதற்கு முயல வேண்டும்?

தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகை, அதாவது ஜே.ஆர்.எஃப்., வாங்குவதற்கு. மற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தால் முதுநிலை ஆய்வு உதவித்தொகையான எஸ்.ஆர்.எஃப். ஆக உயர்ந்து மாதம் 42,000 ரூபாய். மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை. சமூக அறிவியல் மாணவர்களுக்குப் புத்தகம், அச்சு, களப்பயணச் செலவுக்கென முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 10,000 ரூபாயும் பிறகு 20,500 ரூபாயும் தனி. விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி உண்டு, சென்னைக்கு அது உயர்ந்த விகிதம்.

தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை, ஜூன் மற்றும் டிசம்பர் சுற்றுகளாக நடக்கிறது. மூன்று மணி நேரம், 150 கேள்விகள், 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆகவே ஒரு கேள்வியைக்கூட விடாமல் குறித்துவிட்டு வெளியே வாருங்கள். வயது வரம்பு 30. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், திருநர்களுக்கும் ஐந்து ஆண்டு தளர்வு.

தமிழில் எழுதலாமா?

முடியாது. பொருளாதாரத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ்வழியில் படித்தவர்கள் பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு நோட்டில் எழுதி மனத்தில் ஏற்றிக்கொண்டால் போதும். விடை கட்டுரையாக எழுத வேண்டியதில்லை. கற்பித்தல், ஆய்வுத் திறனைப் பார்க்கும் பொதுவான முதல் தாளைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். 100 மதிப்பெண் அதில்தான் இருக்கிறது.

ஜே.ஆர்.எஃப். கைக்கு எட்டவில்லை. கதை முடிந்ததா?

இல்லை. 2024 ஜூன் சுற்றிலிருந்து ஜே.ஆர்.எஃப். தவறியவர்களிலும் ஒரு பகுதியினர் முனைவர் பட்டச் சேர்க்கைக்குத் தகுதி பெறுகிறார்கள். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் சேர்க்கை வேறு, உதவித்தொகை வேறு. சேர்ந்துவிட்டால் பணம் தானாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பணத்துக்கான அடுத்த கதவு, 1969இல் தொடங்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம், அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். முழுநேர முனைவர் மாணவர்களுக்கு அது தரும் தொகை மாதம் 20,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள், செலவுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய். ஜே.ஆர்.எஃப்.போடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் இங்கே உங்கள் ஆய்வு முன்மொழிவை, அதாவது எதை எப்படி ஆராயப் போகிறீர்கள் என்ற திட்டத்தை, உட்கார்ந்து படிக்கிறார்கள். பொருளாதாரத்தின் மையநீரோட்டத்துக்கு வெளியே நிற்கும் தலைப்பு வைத்திருப்பவருக்கு அது பெரிய வாய்ப்பு. இந்தக் கழகத்தின் ஆதரவில் இயங்கும் நிறுவனம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது: மால்கம் ஆதிசேசய்யா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், அடையாறில்.

தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தகுதித் தேர்வு நடத்துகிறது. கலை, சமூக அறிவியல் மாணவர்களுக்கும் அதில் இடம் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் சேருபவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் என்ற பழைய ஏற்பாடு இன்றும் பேசப்படுகிறது. அதை நம்பி ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு என்னென்ன இருக்கின்றன? கிறிஸ்தவராக மாறிய குடும்பம் என்றால்?

பட்டியல் சாதியினருக்கான தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 2,000 இடங்கள். தேர்வு நெட் வழியாகவே நடக்கிறது, தொகை ஜே.ஆர்.எஃப். அளவே. பழங்குடியினருக்கான தேசிய உதவித்தொகையில் 750 இடங்கள். அதற்கு நெட் தேவையில்லை, முதுகலை மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதை வாங்குவதே ஒரு முனைவர் பட்டம் என்பதைக் காட்டுநாயக்கன் சமூகப் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள். ஆகவே எம்.ஏ. படிக்கும்போதே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பம் பற்றிய கேள்வி வடசென்னையில் அடிக்கடி வருகிறது. மத்திய அரசின் கணக்கில் கிறிஸ்தவராக மாறியவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார். ஆகவே தேசிய உதவித்தொகை கிடைக்காது. ஆனால் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர முனைவர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். இந்தத் தகவல் பல கல்லூரி அலுவலகங்களுக்கே தெரிவதில்லை. அறிவிக்கையை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் வைத்திருக்கிறேன். அது போதாதா?

மத்திய அரசுத் திட்டங்களுக்குப் போதாது. ஓ.பி.சி. சான்றிதழை, வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற உறுதியோடு, மத்திய அரசின் படிவத்தில் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாநிலச் சான்றிதழ் ஒன்று இன்னொரு முறை கையில் வந்து சேரும். பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 1,000 இடங்கள்.

முஸ்லிம் மாணவர்கள் மௌலானா ஆசாத் உதவித்தொகையைப் பற்றிக் கேட்கிறார்கள். 2022–23 முதல் புதிதாகத் தருவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். சமூகம் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருந்தால் மேலே சொன்ன வழி திறந்திருக்கிறது.

பெண்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

வீட்டுக்கு ஒரே மகளாக இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகை உண்டு, நெட் கட்டாயமில்லை. சகோதரன் இருந்தால் கிடையாது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு உச்ச காலம் ஆறு ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிப்பும், பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரையும் தரலாம். கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வோரிடம் இந்த விதியைக் காட்டலாம்.

பணம் உண்மையில் எப்போது வரும்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. வடசென்னையிலிருந்து வந்த மாணவர்கள் ஆய்வை நடுவில் விடுவதற்கு அறிவுக் குறைவோ ஆர்வக் குறைவோ காரணமில்லை. தேர்வாவதற்கும் முதல் தவணைக்கும் நடுவில் இருக்கும் மாதங்களே காரணம்.

யு.ஜி.சி. தொகை வரும் முறை இது. நீங்கள் சேர்ந்ததற்கான அறிக்கையை நெறியாளரும் துறைத்தலைவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பிறகு கனரா வங்கி நடத்தும் இணையத்தளத்தில் உங்கள் பெயர் ஏற வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மாதமும் உங்கள் நிறுவனத்தில் ஒருவர் ‘இந்த மாணவர் இந்த மாதம் பணியில் இருந்தார்’ என்று பதிய, இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். முன்னவரை மேக்கர் என்றும் பின்னவரை செக்கர் என்றும் அழைப்பார்கள். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும், மறந்தாலும், ஓய்வு பெற்று அடுத்தவர் நியமிக்கப்படாவிட்டாலும் அந்த மாதப் பணம் நிற்கும். தொகை எங்கும் போய்விடாது, நிலுவையாகப் பின்னால் சேர்ந்து வரும். ஆனால் வாடகை நிலுவையாகச் சேராதே.

ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த இருவரும் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாதந்தோறும் ஒரே தேதியில் போய் நினைவூட்டுங்கள். கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, பெயரின் முன்னெழுத்து எல்லா ஆவணத்திலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயரை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதியதாலேயே படிவம் திரும்பி வருவதுண்டு. பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகள் இப்போது யு.ஜி.சி.யிடம் இல்லை, அந்தந்தப் பிரிவுக்கான தேசிய நிதி மேம்பாட்டுக் கழகங்கள் பொறுப்பேற்றிருக்கின்றன. புகார் அனுப்புவோர் முகவரியைச் சரிபார்த்து அனுப்புங்கள்.

கையில் குறைந்தது ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் இறங்காதீர்கள் என்பது என் கறாரான கருத்து. உதவித்தொகை வரப்போகிறது என்ற நம்பிக்கையில் தண்டலுக்குக் கடன் வாங்கினால், நிலுவை மொத்தமாக வரும் நாளில் அது வட்டிக்கே போகும்.

வேலை பார்த்துக்கொண்டே செய்யலாமா?

பகுதிநேரமாகப் பதிவு செய்யலாம், ஆனால் மேலே சொன்ன தொகைகள் முழுநேர மாணவர்களுக்கே. உதவித்தொகை வாங்கிக்கொண்டே ரகசியமாகச் சம்பளம் வாங்குவது வேண்டாம். பிடிபட்டால் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

முழுப் படிப்பையும் வெளிநாட்டிலேயே செய்ய ஆசை.

நல்ல ஆசை. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் நல்ல பொருளாதாரத் துறைகளில் முனைவர் மாணவரிடம் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. கற்பித்தல் பணிக்கு ஈடாக மாத உதவியும் தருகிறார்கள். நார்வே, சுவீடன், நெதர்லாந்தில் முனைவர் மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியராகவே இருக்கிறார். புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்கு இடம்பெயர்ந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம், பழைய சோசலிச நாடுகளின் மாற்றத்தைப் படிக்க நினைப்பவர் பார்க்க வேண்டிய இடம். கடன் வாங்கி எம்.எஸ். படிக்கப் போகும் கணக்கு இங்கே பொருந்தாது. முனைவர் பட்டத்துக்குக் கடன் வாங்கச் சொல்லும் முகவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது, குடும்ப வருமானத்தைப் பொறுத்து. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு, ஆனால் அதில் ஒப்பீட்டு மாணவருக்கென்றே வைத்தது போன்ற ஒரு கண்ணி இருக்கிறது. 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வுத் தலைப்புகளுக்குத் தொகை இல்லை என்று சொல்கின்றன. காசிமேட்டையும் நார்வேயையும் ஒப்பிடுகிறேன் என்று எழுதினால் பாதித் தலைப்பு இந்தியா. விதி எனக்குப் பிடிக்கவில்லை. தன் தெருவைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து எழுதும் உரிமை யாருக்கும் இருக்க வேண்டும். ஆனாலும் விண்ணப்பிப்பவர் அதைத் தெரிந்துகொண்டே திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே படித்துக்கொண்டு, நடுவில் சில மாதம் மட்டும் வெளியே போக?

என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி. ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் தங்க உதவும். இந்தியாவில் பதிவு செய்து குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகையில் இரு நாடுகளிலும் பிரித்துப் படிப்பவர்களுக்கு ஓராண்டு வரை தரும் பிரிவு இருக்கிறது. ஜெர்மனிக்கு அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. இருக்கிறது. வெளிநாட்டில் தரவு திரட்ட ஐ.சி.எஸ்.எஸ்.ஆரும் முனைவர் மாணவர்களுக்கு உதவுகிறது. எல்லாவற்றுக்கும் அங்கிருக்கும் ஒரு பேராசிரியரின் அழைப்புக் கடிதம் அடிப்படை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே, உங்கள் கேள்வியை ஒரு பக்கத்தில் சுருக்கி, அவருடைய கட்டுரை ஒன்றை உண்மையாகவே படித்துவிட்டு எழுதுங்கள். பொதுப்படையான கடிதத்துக்குப் பதில் வராது.

முன்மொழிவில் எங்கே தவறுகிறார்கள்?

‘இந்திய, நார்வே மீன்பிடித் துறைகள் – ஓர் ஒப்பீட்டு ஆய்வு’ என்று எழுதினால் அது வெறும் தலைப்பு, அதில் கேள்வி இல்லை. ‘முதல் விற்பனை உரிமை யாரிடம் இருக்கிறது என்பது படகு உரிமையாளரின் கடன் செலவை மாற்றுகிறதா?’ என்று எழுதினால் கேள்வி இருக்கிறது. அதோடு, ஏன் இந்த இரண்டு இடங்கள், ஏன் வேறு இரண்டு இல்லை என்ற வினாவுக்கு ஒரு பத்தியில் பதில் இருக்க வேண்டும். துறைமுகம் எடுத்தால் கொழும்பு பொருத்தமான இணை. அங்கேயும் ஒரே துறைமுகத்துக்குள் அரசு முனையமும், தனியார் முனையமும், சீன முதலீட்டில் வந்த முனையமும் இருக்கின்றன. ‘எனக்கு ஆர்வம்’ என்பது காரணம் ஆகாது.

செலவுப் பட்டியலையும் யோசித்து எழுதுங்கள். களப்பணிக்கு ஒரு லட்சம் என்று மொட்டையாக எழுதுவதைவிட, நீண்டகரைக்கு எத்தனை முறை, ரயிலா பஸ்ஸா, எத்தனை இரவு தங்கல், மலையாளம் பேசும் உதவியாளருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று விரித்தால் நீங்கள் வேலையைப் பற்றி நினைத்திருக்கிறீர்கள் என்று படிப்பவருக்குப் புரியும்.

உட்கார்ந்து படிக்க இடம், தரவு?

வீட்டில் ஒரே அறை என்றால் எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், கொளத்தூர் முதல்வர் படைப்பகம். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் அரசுக் கல்வி நிறுவன மாணவர்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். உலக வங்கி, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நாடுவாரித் தரவுகள் இலவசம். நம் தேசிய மாதிரி ஆய்வின் குடும்ப அளவிலான தரவும் இலவசமே. பணம் கட்டி எதையும் வாங்க வேண்டியதில்லை.

கட்டுரை வெளியிட்டுத் தருவதாக ஒருவர் பத்தாயிரம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். 2022 விதிகளில் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற நிபந்தனையே இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தொகை கிடைத்த பிறகு தலைப்பை மாற்றலாமா?

ஜே.ஆர்.எஃப். ஆளுக்குக் கிடைப்பது. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒப்புக்கொண்டால் துறைக்குள் தலைப்பை மாற்றுவதில் சிக்கல் குறைவு. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். முன்மொழிவைப் பார்த்துத் தருவதால், அங்கே எழுத்து மூலம் அனுமதி பெறாமல் எதையும் தொடாதீர்கள். ஒப்பிடும் நாட்டை மட்டும் மாற்றுவதென்றாலும் அதே நடைமுறைதான்.